அக்காவின் ஆசை... ஒற்றைச் சக்கரத்தில் 15,955 கிலோமீட்டர்!

2013 பிப்ரவரி. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து ஒருவர் சைக்கிளில் கிளம்பினார். ஊர் சுற்றப் போகிறவர் அல்ல. நாட்டையே சுற்றப் போகிறவர். அதில் வியப்பில்லை, பலரும் செய்திருக்கிறார்கள். வியப்பு அவருடைய வண்டியில் இருந்தது. அதற்கு இருந்தது ஒரே ஒரு சக்கரம். சர்க்கஸில் கோமாளி ஓட்டிவருவாரே, அந்த ஒற்றைச் சக்கர சைக்கிள்!

அவர் பெயர் சாமுவேல் ஜான்சன். வயது 34. ஆஸ்திரேலிய டி.வி பார்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த முகம். 2001-ல் தொடங்கிய 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் அஸ்' என்ற தொடரில் நடித்து வீட்டுக்கு வீடு அறிமுகமானவர். அப்படிப்பட்டவர் நடிப்பை ஓரம்கட்டிவிட்டு, ஒரு வருடம் முழுக்க வெயிலிலும் மழையிலும் பெடல் மிதிக்கக் கிளம்பியதற்கு ஒரே காரணம்தான். அக்கா கேட்டார்!

மூன்று முறை வந்த நோய்

சாமுவேலின் அக்கா கானி ஜான்சன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரு வயதுதான் வித்தியாசம். சாமுவேலுக்கு மூன்று வயதானபோதே அம்மா இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகளையும் அப்பாதான் வளர்த்தார். தாயில்லாத வீட்டில் உடன்பிறப்புகள்தான் ஒருவருக்கொருவர் எல்லாமும்.

கானிக்கு 11 வயதானபோது முதல் அடி விழுந்தது. காலில் எலும்புப் புற்றுநோய். விளையாட வேண்டிய வயதில் சிகிச்சை, மருத்துவமனை என்று போராடி மீண்டார். 22 வயதில் கர்ப்பப்பையில் புற்றுநோய். அதிலிருந்தும் மீண்டார். திருமணமானது, இரண்டு மகன்கள் பிறந்தார்கள். இனி எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும் என்று குடும்பம் நம்பத் தொடங்கிய நேரத்தில், 33 வயதில் மூன்றாவது முறையாக வந்தது. இம்முறை மார்பகத்தில். கண்டுபிடித்தபோது குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. மருத்துவர்கள் மாதக்கணக்கில்தான் கெடு சொன்னார்கள். பையன்கள் இருவரும் அப்போது சின்னஞ்சிறுசுகள்.

இந்த நிலையில் இருக்கும் ஒரு பெண் தம்பியிடம் என்ன கேட்பார்? 'என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்' என்று கேட்கலாம். 'பக்கத்திலேயே இரு' என்று கேட்கலாம். கானி கேட்டது வேறு. ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஆஸ்திரேலியாவைச் சுற்றி வர வேண்டும். உலக சாதனையை முறியடிக்க வேண்டும். வழியெல்லாம் நிதி திரட்டி 10 லட்சம் டாலரைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் ஊரிலும் இளம் தாய்மார்களிடம், 'உங்கள் மார்பகத்தில் மாற்றம் ஏதாவது தெரிந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்' என்று சொல்ல வேண்டும்.

தம்பிக்கு ஒற்றைச் சக்கரம் ஓட்டத் தெரியும் என்பது அக்காவுக்குத் தெரியும். 2003-ல், புற்றுநோயால் பாதிக்கப்பட்ட இளம் வயதினருக்கான ஓர் அமைப்புக்காக சாமுவேல் சிட்னியிலிருந்து மெல்போர்ன்வரை அப்படி ஓட்டி நிதி திரட்டியவர். இப்போது அக்கா கேட்டது அதைப் போலப் பல மடங்கு தூரம். சாமுவேல் மறுக்கவில்லை. 2012-ல் அக்காவும் தம்பியும் சேர்ந்து 'லவ் யுவர் சிஸ்டர்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். உங்கள் சகோதரியை நேசியுங்கள் என்பதுதான் பொருள்.

இந்தப் பயணத்தில் யாரும் வெளியில் அதிகம் பேசாத ஒரு விலை இருந்தது. அக்காவுக்கு மிச்சமிருக்கும் காலம் கொஞ்சம்தான் என்று தெரியும். அந்தக் கொஞ்சத்தில் ஒரு முழு வருடத்தைத் தம்பி சாலையில் கழிக்க வேண்டும். இவர் எவ்வளவு மிதித்தாலும், எவ்வளவு திரட்டினாலும், அந்தப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி கானியைக் காப்பாற்றப்போவதில்லை. இது இருவருக்குமே தெரியும். தெரிந்தேதான் அக்கா கேட்டார். தெரிந்தேதான் தம்பி கிளம்பினார்.

இறக்கத்திலும் ஓய்வில்லை

சாதாரண சைக்கிளில் மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். இறக்கத்தில் காலை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம், வண்டி தானாகப் போகும். ஒற்றைச் சக்கரத்தில் அந்தச் சுகம் கிடையாது. பெடல் நேரடியாகச் சக்கரத்தின் அச்சில் பொருத்தப்பட்டிருக்கும். நடுவில் செயின் இல்லை. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. சக்கரம் உருண்டால் பெடலும் சுற்றியே தீரும். அதனால் மேட்டில் கால் தள்ள வேண்டும். இறக்கத்தில் அதே கால் வேகத்தை எதிர்த்துத் தாங்க வேண்டும். கால்களுக்கு ஓய்வு வேண்டுமென்றால் இறங்கத்தான் வேண்டும்.

நெடுந்தூரம் போகிறவர்கள் பொதுவாக 36 அங்குலச் சக்கரம் உள்ள வண்டியைப் பயன்படுத்துவார்கள். அது ஒரு சுற்றுக்கு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 350 சுற்று. அந்தக் கணக்கில் பார்த்தால் 15,955 கிலோமீட்டருக்கு 55 லட்சம் சுற்றுகளுக்கு மேல் வரும்!

இரண்டு சக்கர வண்டியில் உடலின் பாரம் கைப்பிடி, சீட், பெடல் என மூன்று இடங்களில் பிரியும். இதில் கைகளை ஊன்றிக்கொள்ள முன்சக்கரம் இல்லை. பாரத்தில் பெரும்பகுதி சீட்டில்தான் இறங்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்தால் தொடையிடுக்கு உரசிப் புண்ணாகிவிடும். மறுநாள் அதே புண்ணோடு அதே சீட்டில் ஏற வேண்டும். சமநிலையோ நொடிக்கு நொடி சரிசெய்ய வேண்டியது. முன்னால் சாய்ந்தால் வேகம் கூடும், பின்னால் சாய்ந்தால் குறையும். கவனம் சிதறினால் கீழேதான்.

சாமுவேலுக்குத் துணையாக ஒரு சிறு குழு வாகனத்தில் கூடவே வந்தது. சாப்பாடு, தண்ணீர், தங்குமிடம், நிதி வசூல் எல்லாவற்றையும் அவர்கள் கவனித்துக்கொண்டார்கள். ஆனால், சக்கரத்தின் மேல் உட்காரும் வேலையைப் பங்குபோட முடியாது. அது தனி ஆளாகவே முடிக்க வேண்டியது.

மரமே இல்லாத சமவெளி

ஆஸ்திரேலியாவின் பெரிய நகரங்கள் எல்லாம் கடலோரத்தில்தான் இருக்கின்றன. அவற்றை விட்டு வெளியே வந்தால் 'அவுட்பேக்' எனப்படும் உள்நாட்டு வனாந்தரம். செம்மண், புதர், வானம்... மறுபடியும் செம்மண், புதர், வானம். அடுத்த வீடு எங்கே என்று கேட்டால் கிலோமீட்டர் கணக்கில் பதில் வரும்.

நாட்டைத் தார்ச்சாலை வழியே சுற்றி வருகிறவர்கள் தவிர்க்கவே முடியாத ஓர் இடம், தெற்கில் இருக்கும் நல்லார்பர் சமவெளி. லத்தீனில் 'மரம் இல்லை' என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்த பெயர் அது. கிழக்கையும் மேற்கையும் அங்கே இணைப்பது ஐர் நெடுஞ்சாலை. நார்ஸ்மன் என்ற ஊரிலிருந்து செடுனா என்ற ஊர்வரை சுமார் 1,200 கிலோமீட்டர். இடையில் இருப்பவை பெரும்பாலும் பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடையும் சில அறைகளும் சேர்ந்த 'ரோடுஹவுஸ்'கள்தான். அந்தச் சாலையில் ஒரு பகுதி 146.6 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லாமல் நேராகப் போகிறது. காரில் போகிறவர்களுக்கே கண் சொக்கும். சைக்கிளில் போகிறவருக்கு? காலையில் கண்ணுக்குத் தெரிந்த அடிவானம் மாலையிலும் அப்படியே இருக்கும்.

காற்று எதிர்த்து வீசினால் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கண், மூக்கு, வாய் என்று பார்க்காமல் ஈக்கள் மொய்க்கும். விடியலிலும் அந்தியிலும் கங்காருக்கள் சாலைக்கு வரும். சாலையோர மஞ்சள் பலகைகளில் ஒட்டகம், வோம்பட், கங்காரு படங்களைப் போட்டு எச்சரித்திருப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது 'ரோடு டிரெயின்'. பெயர்தான் டிரெயின்; ஓடுவது சாலையில். ஒரு லாரியின் பின்னால் மூன்று, நான்கு டிரெய்லர்களைக் கோத்து இழுத்துவரும் ராட்சத வண்டி. சில பாதைகளில் 53.5 மீட்டர் நீளம்வரை அனுமதி உண்டு. அது பக்கத்தில் கடக்கும்போது முதலில் காற்று வெளியே தள்ளும். கடந்து முடிந்த கணத்தில் உள்ளே இழுக்கும். இரண்டு சக்கரத்தில் போகிறவரே தடுமாறுவார். ஒற்றைச் சக்கரத்தில் போகிறவருக்கு அது வருகிறது என்று தெரிந்ததும் சாலையை விட்டு இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அங்கே ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால்? ஐர் நெடுஞ்சாலையில் சில இடங்களில் சாலையின் மேலேயே விமான ஓடுபாதைக்கான கோடுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். 'ராயல் ஃபிளையிங் டாக்டர் சர்வீஸ்' என்ற பறக்கும் மருத்துவ சேவையின் விமானம் வந்தால், இருபுறமும் வண்டிகளை நிறுத்திவிட்டு நடுச்சாலையில் இறங்கும். 1928 முதல் இப்படி உள்நாட்டு மக்களுக்கு வானத்திலிருந்து வைத்தியம் வந்துகொண்டிருக்கிறது. நெஞ்சுவலி, விபத்து என்றால் விமானம் வரும். ஆனால், மார்பில் வலியே இல்லாமல் இருக்கும் ஒரு சின்னக் கட்டிக்கு யார் விமானத்தைக் கூப்பிடுவார்கள்? அதை முதலில் கவனிக்க வேண்டியவர் அந்தப் பெண்தான்.

கானி சொல்லச் சொன்ன விஷயம்

ஆஸ்திரேலியாவில் மார்பகப் புற்றுநோய்க்கான அரசுப் பரிசோதனைத் திட்டம் 1991 முதல் நடக்கிறது. இன்று 50 முதல் 74 வயதுவரையுள்ள பெண்களுக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து இலவசமாக மேமோகிராம் எடுத்துக்கொள்ளும்படி அழைப்பு வரும். 40 வயது தாண்டியவர்கள் அழைப்பு இல்லாமலே போய் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல திட்டம்தான். ஆனால், கானிக்கு நோய் வந்தது 33 வயதில்!

அந்த வயதுப் பெண்களைப் பரிசோதனைத் திட்டம் கூப்பிடாததற்குக் காரணம் உண்டு. இளம் வயதில் இந்த நோய் வருவது ஒப்பீட்டில் குறைவு. மார்பகத் திசுவும் அடர்த்தியாக இருக்கும் என்பதால் மேமோகிராம் படத்தில் கட்டி தெளிவாகத் தெரியாமல் போகலாம். குழந்தை பெற்றவர்களுக்கு இன்னொரு சிக்கல். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் மார்பகத்தில் மாற்றங்கள் இயல்பாகவே வரும். பால் கட்டிக்கொண்டால் கட்டி தட்டுப்படும். அதனால், 'இதுவும் அதுதான்' என்று விட்டுவிடுவது சுலபம். குழந்தை, வீடு, வேலை என்று ஓடும் தாய்க்குத் தன் உடம்பைப் பார்க்க நேரமும் இருக்காது.

இங்கேதான் கானியின் யோசனை எவ்வளவு கூர்மையானது என்று புரிகிறது. அந்த வயதுப் பெண்களுக்கு அரசின் கடிதம் வராது. தன் உடம்பைத் தானே தெரிந்து வைத்திருப்பது மட்டும்தான் அவர்களுக்கு இருக்கும் காவல். இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும். டி.வி விளம்பரத்தில் சொன்னால் சேனலை மாற்றிவிடுவார்கள். டி.வி நடிகர் ஒருவர் ஒற்றைச் சக்கரத்தில் ஊருக்குள் வந்து நின்றால் என்ன ஆகும்? ஊரே வேடிக்கை பார்க்க வரும். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாம்.

காரில் வந்திருந்தால் பல சின்ன ஊர்களைக் கண்ணாடி வழியே கடந்திருப்பார். ஒற்றைச் சக்கரத்துக்கு எந்த ஊரும் சின்ன ஊர் இல்லை. ஒவ்வொன்றும் அன்றைய நாளின் இலக்கு. மெதுவாகத்தான் போக முடியும் என்ற குறையே இந்தப் பயணத்தின் பலமாக அமைந்தது. சில்லறைக் காசு முதல் நோட்டுவரை சேரச் சேர, நாடு முழுக்கச் செய்தியும் பரவியது.

364-வது நாள்

2014 பிப்ரவரி 14. காதலர் தினம். கிளம்பி 364 நாள்கள் ஆகியிருந்தன. சாமுவேல் மெல்போர்னுக்குத் திரும்பினார். மொத்தத் தூரம் 15,955 கிலோமீட்டர். ஓய்வு நாள்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி பார்த்தாலும் ஒரு நாளைக்கு 44 கிலோமீட்டர் வருகிறது. ஒற்றைச் சக்கரத்தில் அதுவரை யாரும் போகாத தூரம் என்ற உலக சாதனை கைக்கு வந்தது. கேட்டது 10 லட்சம் டாலர். சேர்ந்தது 14 லட்சத்துக்கும் மேல். சிட்னியில் இருக்கும் கார்வன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு அந்த உதவி போய்ச் சேர்ந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. மாதக்கணக்கில் கெடு சொல்லப்பட்ட அக்கா, தம்பி திரும்பி வரும் நாளிலும் உயிரோடு இருந்தார்.

அந்த உலக சாதனை பிறகு கைமாறிவிட்டது. இங்கிலாந்தின் எட் பிராட் 2015-ல் தன் 19 வயதில் ஒற்றைச் சக்கரத்தில் கிளம்பி, மூட்டை முடிச்சுகளை வண்டியிலேயே கட்டிக்கொண்டு, துணை வாகனம் இல்லாமல் உலகத்தையே சுற்றி 2018-ல் வீடு திரும்பினார். 33,000 கிலோமீட்டருக்கு மேல்! அவர் நிதி திரட்டியது ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை கொடுக்கும் அமைப்புக்காக. சாதனைகள் இருப்பதே முறியடிக்கத்தானே! கானி ஆரம்பித்து வைத்த காரியமோ அதன் பிறகும் வளர்ந்துகொண்டே போனது.

காசுகளால் ஓர் இதயம்

2017 ஏப்ரலில் ஆஸ்திரேலிய டி.வி உலகின் உயரிய விருதான 'கோல்டு லோகி' சாமுவேலுக்குக் கிடைத்தது. 'மோலி' என்ற குறுந்தொடரில் இசை உலகப் பிரபலம் மோலி மெல்ட்ரமாக நடித்ததற்கான அங்கீகாரம். நடிகராக உச்சத்தில் நின்ற அந்த ஆண்டில், அவர் மனம் இருந்தது அக்காவின் அடுத்த ஆசையில்.

ஆஸ்திரேலியாவில் புழங்கும் நாணயங்களிலேயே மதிப்பு குறைந்தது 5 சென்ட். வீட்டு மூலைகளிலும் கார் டப்பாக்களிலும் யாரும் சீந்தாமல் கிடக்கும். அந்தக் காசுகளைக் கொண்டுவாருங்கள் என்று நாட்டு மக்களிடம் கேட்டார் கானி. 2017 மே 10-ம் தேதி கான்பெராவில் மக்கள் திரண்டார்கள். பிள்ளைகளும் பெரியவர்களுமாகக் குனிந்து உட்கார்ந்து காசுகளை வரிசையாக அடுக்கி, தரையில் ஒரு மாபெரும் இதயத்தை உருவாக்கினார்கள். உடல் தளர்ந்துபோயிருந்த கானி நேரில் வந்து பார்த்தார். 20 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 7-ம் தேதி, ஆஸ்திரேலிய கவர்னர் ஜெனரல் பீட்டர் காஸ்கிரோவ் கானியைத் தேடிப் போனார். இறுதிக்கால மருத்துவப் பராமரிப்பில் இருந்த அவரிடம், 'ஆர்டர் ஆஃப் ஆஸ்திரேலியா' பதக்கத்தை நேரில் வழங்கினார். மறுநாள், செப்டம்பர் 8-ம் தேதி, கானி கண்மூடினார். வயது 40. மாதக்கணக்கில் சொன்ன கெடுவை ஏழு ஆண்டுகளாக நீட்டித்திருந்தார். சின்னஞ்சிறுசுகளாக இருந்த பையன்கள் அம்மாவின் முகத்தையும் குரலையும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும் வயதுக்கு வந்திருந்தார்கள். மூன்று வயதில் தாயை இழந்த தம்பிக்கு அந்த ஏழு ஆண்டுகளின் மதிப்பு நன்றாகவே தெரிந்திருக்கும்.

அக்கா போன பிறகும் சாமுவேல் நிறுத்தவில்லை. ஒரு கோடி டாலர் திரட்டும்வரை ஓய்வதில்லை என்று சொல்லியிருந்தார். அந்த இலக்கையும் தாண்டி 'லவ் யுவர் சிஸ்டர்' தொடர்ந்து நடக்கிறது.

இதைப் படிக்கும் பெண்களுக்கு...

கானி தம்பியை 15,955 கிலோமீட்டர் ஓட்டவைத்துச் சொல்லச் சொன்ன விஷயம் இதுதான்.

குளிக்கும்போதோ உடை மாற்றும்போதோ மார்பகத்தையும் அக்குளையும் கவனியுங்கள். உங்களுக்கு எது இயல்பு என்று தெரிந்திருந்தால்தான் மாற்றம் தெரியும். புதிதாக ஒரு கட்டியோ தடிப்போ, தோலில் குழியோ சுருக்கமோ சிவப்போ, காம்பு உள்ளிழுப்பதோ, காம்பில் ரத்தம் கலந்த கசிவோ, அளவிலும் வடிவிலும் திடீர் மாற்றமோ தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. பால் கொடுக்கும் தாயாக இருந்தாலும், கட்டி சில நாள்களில் கரையாவிட்டால் பால் கட்டியதுதான் என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம்.

பயப்படவும் தேவையில்லை. மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. புற்றுநோயாகவே இருந்தாலும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சிகிச்சை பலனளிக்கும் வாய்ப்பு அதிகம்.

ஆண்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 'டாக்டரிடம் போகணும், வர்றீங்களா?' என்று வீட்டில் அக்காவோ தங்கையோ மனைவியோ அம்மாவோ கேட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். சாமுவேலிடம் அவர் அக்கா கேட்டது ஒரு வருட உழைப்பு. உங்களிடம் கேட்பது அரை நாள்தான்.